பூவுக்குக் கணக்கு உண்டு, பிள்ளைக்குக் கணக்கு இல்லையா?

பேரிகை, பாகலூர் வட்டாரத்தில் பாலித்தீன் கொட்டகைகளுக்குள்ளே ரோஜா வளர்கிறது. 'தாஜ்மகால்' என்று அதற்கு ராஜ கம்பீரமான பெயர். அந்தப் பூவின் காம்பை அளவுகோல் வைத்து அளக்கிறார்கள். இத்தனை சென்டிமீட்டர் இருந்தால் முதல் தரம், ஒரு விரற்கடை குறைந்தால் இரண்டாம் தரம். இருபது இருபதாக அடுக்கி, அட்டை சுற்றி, குளிர் அறையில் வைத்து, பெங்களூர் விமான நிலையத்துக்கு லாரி ஏற்றுகிறார்கள். பிப்ரவரி 14ம் தேதி காதலர் தினத்துக்கு அது கடல் கடந்து போகிறது. வழியில் ஒரு கட்டு வாடினால் மேஸ்திரி கேட்கிறார், கணக்குப்பிள்ளை கேட்கிறார், முதலாளி கேட்கிறார்.

மருந்து வாடை அடங்குமுன் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்து பூ அறுக்கிறாளே, அந்தப் பெண்ணின் வீட்டிலே நாலு வயதுப் பிள்ளை ஒன்று இருக்கிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. 'அம்மா' என்று ஒரு சொல் இன்னும் வரவில்லை. உடைந்த சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அதையே மணிக்கணக்காகப் பார்த்துக் கொண்டிருக்கிறது. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக் கொண்டு அலறுகிறது. இப்படி ஒரு வீட்டை நீங்களும் அறிவீர்கள். உங்கள் தெருவிலேயே இருக்கும்.

இந்தப் பிள்ளையை யார் கணக்கிலே வைத்திருக்கிறார்கள்? எந்தச் சர்க்கார் ரிஜிஸ்தரில் அதன் பெயர் இருக்கிறது? பூவின் காம்பை அளக்கத் தெரிந்த நாட்டுக்கு, பிள்ளை ஏன் பேசவில்லை என்று கேட்கத் தெரியாமல் போனது ஏன்?

தோழர்களே! இது ஒரு தாயின் தலைவிதி அல்ல. பச்சையான வர்க்கப் பிரச்னை.

தாய் மீது பழி

அந்தத் தாய்க்கு முதலில் கிடைப்பது வைத்தியம் அல்ல, பழி. "கிரகணத்தன்று வெளியே வந்தாயா?" என்கிறாள் மாமியார். "நீ வேலைக்குப் போய்விடுகிறாய், பிள்ளையோடு பேச ஆளில்லை" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ், மூணு பாஷை வீட்டுப் பிள்ளை தாமதமாகத்தான் பேசும், பொறு" என்று படித்தவரும் சொல்லுகிறார். பொறுத்துப் பொறுத்துப் பிள்ளைக்கு ஆறு வயதாகிவிடுகிறது. பயிற்சி கொடுத்தால் நல்ல பலன் தரக்கூடிய வருஷங்கள் வீணாகிப் போகின்றன.

இந்த நிலைமைக்கு ஆட்டிசம் என்று பெயர். இது பைத்தியம் அல்ல, ஒட்டுவாரொட்டி அல்ல, தெய்வ சாபம் அல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. பிறவியிலேயே அமைந்து இரண்டு, மூன்று வயதுக்குள் வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. பல பாஷை பேசும் வீட்டினால் இது வருவதில்லை. வேலைக்குப் போகும் தாயினாலும் வருவதில்லை.

தாயைப் பழிப்பது பேரிகையில் மட்டும் நடக்கிற காரியம் என்று நினைக்க வேண்டாம். 1943ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் ஆட்டிசத்தைப் பற்றி முதலாவது விரிவான கட்டுரையை எழுதினார். அதன் பிறகு ஏறக்குறைய கால் நூற்றாண்டு காலம், அன்பில்லாத தாயின் குளிர்ந்த மனமே இதற்குக் காரணம் என்று அந்த நாட்டுப் பெரிய பெரிய பண்டிதர்கள் எழுதிக் குவித்தார்கள். புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967ல் ஒரு புத்தகமே போட்டார். அந்தப் பொய்யை உடைத்தவர்களில் முக்கியமானவர் பெர்னார்டு ரிம்லண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தகப்பனார். 1964லேயே இது மூளை பற்றிய விஷயம், தாயின் குற்றமல்ல என்று ஆதாரங்களை அடுக்கி எழுதினார்.

பழி போட்டவர்கள் திருந்திவிட்டார்களா? இல்லை. 2025 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் பத்திரிகையாளர் முன்னே நின்று, கர்ப்பிணிகள் காய்ச்சல் மாத்திரையான பாரசிட்டமாலைத் தொடக்கூடாது, அதுதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற பாவனையில் பேசினார். காரணம் அதுதான் என்று விஞ்ஞானம் நிரூபிக்கவில்லை. ஆனால் பார்த்தீர்களா தந்திரத்தை? மறுபடியும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது தாய்! ஆலைப் புகை நிற்கவில்லை. பூச்சி மருந்துக் கம்பெனி நிற்கவில்லை. காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை விழுங்கிய பிள்ளைத்தாய்ச்சி நிற்கிறாள்!

கணக்கில் இல்லாத பிள்ளைகள்

நமது நாட்டின் கதை என்ன? 1995ல் ஊனமுற்றோருக்கென்று ஒரு சட்டம் வந்தது. அதிலே ஆட்டிசம் என்ற சொல்லே கிடையாது. 1999ல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம் கிடைத்தது. 2016ம் வருஷத்து உரிமைச் சட்டத்தில்தான் 21 வகை ஊனங்களில் ஒன்றாக அது சேர்க்கப்பட்டது. மாற்றுத் திறனாளிகளும் பெற்றோர்களும் தெருவில் இறங்கிப் போராடியதால் வந்த உரிமை இது. யாரும் தட்டில் வைத்து நீட்டியதல்ல.

சட்டத்தில் பெயர் வந்தது. கணக்கில் வந்ததா? 2011ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் ஊனத்துக்கு எட்டுக் கட்டங்கள் இருந்தன. ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டம் இல்லை. அடுத்த கணக்கை 2021ல் எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. 2027 மார்ச் 1ந் தேதியை அடிப்படையாக வைத்து எடுப்பதாக 2025ல் அறிவித்தார்கள். ஆக, ஆட்டிசத்துக்கென்று ஒரு கட்டம்கூட இல்லாத பழைய கணக்கை வைத்துக் கொண்டே பதினைந்து வருஷத்துக்கு மேல் காலம் தள்ளியாகிவிட்டது.

உருப்படியாக எண்ணிப் பார்த்த ஒரு ஆராய்ச்சி 2018ல் வெளிவந்தது. ஹரியானாவில் பல்வல், இமாசலத்தில் காங்ரா, ஒடிசாவில் டெங்கனால், வட கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் டாக்டர்கள் வீடு வீடாகத் தேர்ந்தெடுத்து, 2 முதல் 9 வயது வரையுள்ள ஏறக்குறைய நாலாயிரம் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். ஏறக்குறைய எட்டுக் குழந்தைகளில் ஒன்றுக்கு, மூளை வளர்ச்சி அல்லது புலன்கள் சம்பந்தமான ஏதோ ஒரு குறை இருந்தது. ஆட்டிசம், வலிப்பு, காது கேளாமை, அறிவு வளர்ச்சிக் குறைவு எல்லாம் அதிலே அடக்கம்.

இந்தக் குறைகளோடு சேர்ந்து வந்த நிலைமைகளையும் அவர்கள் எழுதி வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் வீட்டிலேயே நடந்த பிரசவம், பிறந்தவுடன் அழாத குழந்தை, எடை குறைந்த குழந்தை, பிறந்த சில நாளிலே கடும் நோய், மூளைக் காய்ச்சல், சத்தில்லாமல் குட்டையாகிப் போன உடம்பு. இவை யார் வீட்டு நிலைமைகள்? பங்களாவாசியின் வீட்டிலா? கூலிக்காரன் குடிசையிலா? இவற்றில் பலவற்றை நல்ல பிரசவ ஆஸ்பத்திரியும் வயிறாரச் சோறும் தடுத்துவிடும்.

ஐந்து இடங்களில் தமிழ்நாட்டு இடம் ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த ஆராய்ச்சிக்கும் நமது பொக்கிஷம் முழுச் செலவைக் கொடுக்கவில்லை; அமெரிக்கப் பணமும் சேர்ந்துதான் நடந்தது. நமது குழந்தைகளை எண்ணிப் பார்ப்பதற்குக் கூட அயல்நாட்டு நிதியைக் கையேந்த வேண்டியிருக்கிறது!

"ஆதாரம் எங்கே?" என்று கேட்பவர்கள்

கொட்டகைக்குள் அடிக்கிற மருந்தைப் பற்றிப் பேச்சை எடுத்தால் போதும், தோட்ட முதலாளி துள்ளிக் குதிக்கிறார். "ஆதாரம் எங்கே? மருந்தினால் இன்ன பிள்ளைக்கு இன்ன கேடு வந்தது என்று காட்டு பார்க்கலாம்!" என்கிறார்.

தோழர்களே, நாம் நேர்மையாகப் பேசுவோம். ஆட்டிசத்துக்குப் பூச்சி மருந்துதான் காரணம் என்று நாம் முடிவு கட்டவில்லை. அதில் பரம்பரைக் கூறுகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். பேரிகையில் இருக்கிற ஒரு குழந்தையைக் காட்டி, இதற்கு இந்த மருந்துதான் காரணம் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஆதாரம் இல்லை என்பது வேறு. ஆதாரத்தைத் தேடவே இல்லை என்பது வேறு! தேட விடாதவனே வந்து "ஆதாரம் எங்கே?" என்று கேட்பது, சாவியை மடியில் கட்டிக் கொண்டு "பெட்டி ஏன் திறக்கவில்லை?" என்று அதட்டுகிற கதைதான்.

தேடிய இடத்தில் என்ன கிடைத்தது? அதைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தில் 1990 முதல் ஒரு கட்டாய முறை இருக்கிறது. எந்த விவசாயப் பண்ணையில், எந்தத் தேதியில், எந்த மருந்தை, எவ்வளவு தெளித்தார்கள் என்று சர்க்காருக்குக் கணக்குக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கணக்கையும் பிறப்புக் கணக்கையும் ஒன்றாக வைத்து, அந்த ராஜ்யத்துச் சுகாதார இலாகா விஞ்ஞானிகள் 2007ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். எண்டோசல்பான், டைகோபால் என்ற இரண்டு மருந்துகள் தெளித்த வயல்களை ஒட்டிக் கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் குடியிருந்த தாய்மாரின் குழந்தைகளிடம், ஆட்டிசம் சுமார் ஆறு மடங்கு அதிகம் காணப்பட்டது. அந்தத் தாய்மார் மொத்தம் 29 பேர்தான். சிறு எண்ணிக்கை, ஆகவே இன்னும் ஆராய வேண்டும் என்று அவர்களே எழுதினார்கள். 2014ல் வேறொரு ஆராய்ச்சி வந்தது. ஆர்கனோ பாஸ்பரஸ் வகை மருந்து தெளித்த வயல்களுக்கு அருகே கர்ப்ப காலத்தில் வசித்தவர்களின் குழந்தைகளிடம் ஆட்டிசம் சுமார் 60 சதவீதம் அதிகம் என்று அது கண்டது. இதுவும் முடிவான தீர்ப்பு அல்ல, எச்சரிக்கை மணி. ஆனால் மணி அடிப்பதற்கே அங்கே ஒரு கயிறு இருந்தது. அதுதான் தெளிப்புக் கணக்கு.

நமது நாட்டில் பூச்சி மருந்துச் சட்டம் 1968ல் வந்தது. மருந்தை விற்கிற கடைக்காரனுக்கு ரிஜிஸ்தர் உண்டு. தெளிக்கிற தோட்டக்காரனிடம் கணக்கு யார் கேட்கிறார்கள்? சூளகிரி தாலுகாவில் போன வருஷம் எந்தக் கொட்டகையில் எந்த மருந்து எத்தனை லிட்டர் தெளித்தார்கள் என்று எந்தத் தாயாவது போய்க் கேட்டுப் பார்க்கட்டும்! ஒரு துண்டுக் காகிதமாவது கைக்கு வருமா?

காசர்கோடு சொல்லும் பாடம்

அதே எண்டோசல்பான் மருந்து கேரளத்தில் என்ன செய்தது?

காசர்கோடு ஜில்லாவில் சர்க்காருக்குச் சொந்தமான தோட்டக் கார்ப்பரேஷனின் முந்திரித் தோட்டங்கள், 4,500 ஹெக்டேருக்கும் மேல். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை, வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஹெலிகாப்டரில் வந்து எண்டோசல்பானைத் தெளித்தார்கள். கீழே கிணறு இருந்தது, ஓடை இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, தொழிலாளர் குடிசை இருந்தது. எல்லாவற்றின் மேலும் மருந்து மழை பெய்தது. தலை பெருத்த குழந்தைகள், நடக்க முடியாத குழந்தைகள், பேச்சு வராத குழந்தைகள் என்று ஊர் ஊராகப் பிறந்தார்கள். அங்கேயும் முதலில் சொன்னது என்ன? தெய்வக் குற்றம், பூர்வ ஜன்ம பாவம்!

ஒரு கிராமத்து டாக்டர் மோகன்குமார், ஏன் என்று கேட்டார். விவசாய இலாகாவில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மாள் 1998ல் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார். உடனே ஆராய்ச்சிகள் வந்தன. தோட்டக் கார்ப்பரேஷன் காசு கொடுத்துச் செய்வித்த பரிசோதனை, மருந்தின் எச்சம் இல்லை என்றது. தேசிய மனித உரிமை கமிஷன் தலையிட்ட பிறகு, பொதுப் பணத்தில் நடக்கும் தேசியத் தொழில் சுகாதார நிலையம் வந்து, மருந்து விழுந்த ஊர்க் குழந்தைகளையும் விழாத ஊர்க் குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. ரத்தத்தில் மருந்து இருந்தது! படிப்பிலும் உடல் வளர்ச்சியிலும் வித்தியாசம் இருந்தது!

ஒரே ஊர், ஒரே மருந்து. செலவு செய்தவன் மாறினான், விடை மாறியது. ஆராய்ச்சிக்குப் பொதுப் பணம் வேண்டும் என்று நாம் ஏன் சொல்லுகிறோம் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

உலக மகாநாடுகளிலே இந்திய சர்க்காரின் பிரதிநிதிகள் அந்த மருந்துக்கு வக்காலத்து வாங்கிக் கொண்டிருந்தார்கள். 2011 ஏப்ரலில் முதல் மந்திரி அச்சுதானந்தனே திருவனந்தபுரத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில் 2011 மே 13ந் தேதி சுப்ரீம் கோர்ட் அந்த மருந்தின் உற்பத்திக்கும் விற்பனைக்கும் உபயோகத்துக்கும் தடை விதித்தது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்ட ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குத் தலைக்கு 5 லட்சம் ரூபாய் கொடு என்று உத்தரவிட்டது.

அதோடு முடிந்ததா? 2022 மே மாதத்தில் அதே கோர்ட் கணக்குக் கேட்டபோது, 3,704 பேரில் 8 பேருக்குத்தான் பணம் போயிருந்தது. கோர்ட் கண்டித்தது. ஆட்சியில் இருந்தது இடதுசாரி மந்திரிசபை என்பதற்காக இதை நாம் மறைக்கப் போவதில்லை. கொடி எந்த நிறமானாலும், அடியில் நின்று தட்டிக் கேட்காவிட்டால் பைல் நகராது. காசர்கோட்டுத் தாய்மார் நமக்குச் சொல்லும் இரண்டாவது பாடம் இது.

ஈயமும் வேலைத்துணியும்

ஓசூர் சிப்காட் பக்கம் வேலை செய்யும் தோழர்கள், இது தோட்டத்துக்காரர் விவகாரம் என்று ஒதுங்க வேண்டாம். ஈயத்தைப் பற்றி உலகத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறினால் அறிவு மட்டுப்படும், கவனம் சிதறும். போன அறிவு திரும்பாது. குழந்தைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையவே கிடையாது. பழைய பாட்டரி உடைக்கிற, உருக்குகிற, தகடு அடுக்குகிற தொழிலாளி, வேலைத்துணியோடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கினால், அந்தத் துணியின் தூசி பிள்ளையின் வாய்க்குப் போகிறது. தகப்பன் கூலியோடு விஷத்தையும் சுமந்து வருகிறான். அது அவனுக்கே தெரியாது!

2020ல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியான யுனிசெப் வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில், நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவுக்கு ஈயம் இருக்கிறது என்றது. இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் என்று கணித்தது. 1999ல் பெங்களூரில் ஈய விஷத்தைப் பற்றி ஒரு சர்வதேச மகாநாடு கூடியது. நமது நகரங்களில் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்த கணக்கு அங்கே வைக்கப்பட்டது. 2000ல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. எண்ணியதால் நடந்தது! எண்ணாதிருந்தால் இன்றும் பஸ் புகையில் ஈயத்தைச் சுவாசித்துக் கொண்டிருப்போம்.

பொய் மருத்துவர்கள் ஜாக்கிரதை

சர்க்கார் கைவிட்ட இடத்தில் யார் வந்து கடை விரிக்கிறார்கள்? மோசடிக்காரர்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டு ஆட்டிசத்தைக் குணமாக்குகிறேன் என்று லட்ச லட்சமாகக் கறக்கிறார்கள். சில ரத்த நோய்களைத் தவிர வேறு எதற்கும் ஸ்டெம் செல்லை ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சையாகக் கொடுக்கக்கூடாது, ஆராய்ச்சிக்கு வெளியே கொடுப்பது முறைகேடு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017லேயே விதி வகுத்துவிட்டது. நிலத்தை அடகு வைத்து அந்த ஊசியைப் போடாதீர்கள்.

இன்னொரு பொய், தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்பது. 1998ல் ஆண்ட்ரூ வேக்பீல்டு என்ற இங்கிலாந்து டாக்டர் 12 குழந்தைகளை வைத்து இந்தப் புரளியைக் கிளப்பினார். தடுப்பூசிக் கம்பெனி மீது வழக்குப் போடும் வக்கீல்களிடம் பணம் வாங்கியிருந்தார் என்பது பிறகு அம்பலமாயிற்று. 2010ல் பத்திரிகை அந்தக் கட்டுரையை ரத்துச் செய்தது. டாக்டர் பட்டியலிலிருந்து அவர் பெயர் அடிக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, தடுப்பூசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று 2019ல் நிரூபித்தார்கள். அந்த நாட்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் சர்க்கார் கணக்கு இருந்தது. அதனால் பொய்யை உடைக்க முடிந்தது. கணக்கு, குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கும். குற்றமற்றதை விடுவிக்கவும் செய்யும். ஆகவே பிள்ளைக்குத் தடுப்பூசி போடத் தவறாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி வேண்டும் என்று நாம் கேட்பது இந்தப் பிள்ளைகளை உலகத்திலிருந்து ஒழிப்பதற்காக அல்ல. இன்று இருக்கிற பிள்ளை இருக்கிறபடியே மனிதன்தான். அவனுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், வேலை வேண்டும், மரியாதை வேண்டும். பேசத் தெரியாவிட்டால் படத்தைக் காட்டிப் பேசக் கற்றுக் கொடுக்கலாம். சத்தம் பொறுக்காவிட்டால் சத்தமில்லாத இடத்தில் உட்கார வைக்கலாம். 'லூசு' என்று கல்லெறிகிற தெருவைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

பணம் இல்லையா?

"பணம் எங்கே?" என்பார்கள். கேளுங்கள். 2019 செப்டம்பரில் மோடி சர்க்கார் கம்பெனிகளின் வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தது. புது ஆலைக்கு 15 ஆக்கியது. இதனால் வருஷத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று நிதி மந்திரியே சொன்னார். நாட்டின் சுகாதார ஆராய்ச்சி இலாகாவுக்கு 2024-25 பட்ஜெட்டில் ஒதுக்கியது சுமார் 3,300 கோடி. கான்சர், காசநோய், மலேரியா, ஆட்டிசம் எல்லாம் அதற்குள்ளே! முதலாளிகளுக்கு ஒரே வருஷத்தில் விட்டுக் கொடுத்த பணம், இந்த இலாகாவை நாற்பது வருஷத்துக்கு மேல் நடத்தும். பொக்கிஷம் காலி இல்லை. அதன் வாசல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவிலும் இதே கதைதான். குழந்தைகளின் சுற்றுப்புறச் சுகாதாரத்தை ஆராய 1998ல் ஆரம்பித்த பொது ஆராய்ச்சி நிலையங்களுக்கு இனிப் பணம் தரமாட்டோம் என்று அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் இலாகா 2019ல் கைவிரித்தது. உண்மை வெளியே வர வர, முதலாளிக்கு ஆராய்ச்சியும் கசக்கிறது.

"பயிற்சிக்கே வழியில்லை, ஆராய்ச்சி எதற்கு?" என்று சில தோழர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். இரண்டும் வேண்டும், ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுப்பது சர்க்காரின் சூழ்ச்சி. எத்தனை பிள்ளைகள் என்று தெரியாமல் எத்தனை ஆசிரியர்களை நியமிப்பது? "வாய் திறந்தால் கொட்டகையை மூடிவிடுவான், பிழைப்புப் போய்விடும்" என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. தெளிப்புக் கணக்கு எழுதியதால் கலிபோர்னியாவில் விவசாயம் நின்றுவிடவில்லை. லாபத்தில் ஒரு துளி குறையும். அவ்வளவே!

ஹொகேனக்கல் தண்ணீர் எப்படி வந்தது?

நமது ஜில்லாவிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி சீமையில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் பல் காவி ஏறியது, எலும்பு வளைந்தது. ஊர்வாகு என்றார்கள், தலையெழுத்து என்றார்கள். கிணற்று நீரைச் சோதித்தார்கள். புளூரைடு என்று தெரிந்தது. கணக்கு வந்தது, கோரிக்கை வந்தது, மகஜர் வந்தது, போராட்டம் வந்தது. கடைசியில் சுமார் 1,900 கோடி ரூபாய் செலவில் ஹொகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் திறக்கப்பட்டது. தலையெழுத்து என்றது, குழாய் போட்டதும் மாற ஆரம்பித்தது! எண்ணினால், கேட்டால், கூடி நின்றால் நடக்கும்.

ஆகவே நமது கோரிக்கைகள்:

1. வரும் ஜனத்தொகைக் கணக்கில் சட்டத்தில் சொன்ன 21 வகை ஊனங்களுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். ஆட்டிசம் அதில் இருந்தாக வேண்டும்.

2. அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையையும் பரிசோதிக்க வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் தாயிடம் பேசத் தெரிந்த ஊழியர் வேண்டும்.

3. சூளகிரி தாலுகாவில் இலவசப் பயிற்சி நிலையம் வேண்டும். வருகிற தாய்க்கு பஸ் கட்டணமும் அன்றையக் கூலியும் கொடுக்க வேண்டும்.

4. ஒவ்வொரு தோட்டத்திலும் தெளிப்பு ரிஜிஸ்தர் வேண்டும். என்ன மருந்து, எப்போது தெளித்தது, எத்தனை மணி நேரம் உள்ளே போகக் கூடாது என்று வாசலில் மூன்று பாஷையில் பலகை வைக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கூலி குறையாமல் மாற்று வேலை தர வேண்டும்.

5. ஈயத் தொழிலில் வேலைத்துணியைக் கம்பெனியே துவைக்க வேண்டும், குளியலறை வேண்டும், தொழிலாளர் குழந்தைகளுக்கு இலவச ரத்தப் பரிசோதனை வேண்டும்.

6. கிருஷ்ணகிரி ஜில்லாவில் கர்ப்பிணிகளையும் அவர்கள் குழந்தைகளையும் வருஷக் கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் ஆராய்ச்சியைப் பொதுப் பணத்தில் நடத்த வேண்டும். 2022ல் கிருஷ்ணகிரியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. அதற்கு இந்த வேலையைக் கொடுங்கள். கம்பெனிக் காசு ஒரு பைசா கூடாது. கமிட்டியில் பெற்றோரும் தொழிலாளரும் இருக்க வேண்டும். முடிவைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும்.

7. உதவித் தொகையை உயர்த்த வேண்டும். தமிழ்நாட்டில் 1,500ஐ 2,000 ஆக்கினார்கள். பக்கத்து ஆந்திராவில் 2024ல் 6,000 ஆயிற்று. எல்லையைத் தாண்டினால் பிள்ளையின் பசி மூன்று மடங்காகிவிடுமா?

பூ அறுக்கும் தோழியே, ஆலைத் தோழனே! யூனியன் கூட்டத்தில் போனஸைப் பேசும்போது பிள்ளையையும் பேசுங்கள். சர்க்கார் வரும் வரையில் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே உங்கள் கொட்டகையில் தெளித்த மருந்தின் பெயரையும் தேதியையும் நேரத்தையும் பிள்ளையின் நாற்பது பக்க நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். தெருவில் பேச்சு வராத பிள்ளை எத்தனை என்று எண்ணுங்கள். அந்த நோட்டுகளைச் சேர்த்துக் கொண்டு அடுத்த கிராம சபைக்குப் போவோம்.

அவர்கள் பூவை எண்ணுகிறார்கள். நாம் நமது பிள்ளைகளை எண்ணுவோம். எண்ணி, கையில் கணக்கோடு கேட்போம்: எங்கள் பிள்ளைகளுக்குப் பதில் சொல்!